பதினெட்டு ஆகிவிட்டது, முகவரி எது?

கல்லூரியில் பாடம் நடத்துவதோடு வாக்காளர் பதிவு வேலையும் என் தலையில் வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. என்எஸ்எஸ் பார்க்கிறவர், ஹாஸ்டல் பார்க்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூடுதல் பெயர் இருப்பது போல நான் 'ஓட்டர் ஐடி பார்க்கிறவர்'. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஜெராக்ஸ் கட்டு, அவ்வளவுதான்.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 1950-இல் தேர்தல் ஆணையம் அமைந்த நாள், 2011 முதல் இப்படிக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு உறுதிமொழி, பேரணி, பதாகை, போட்டோ எல்லாம் உண்டு. நடக்கட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதாகை பிடித்து முன்வரிசையில் போன பிள்ளைகளிடமே சாயங்காலம் "உன் பேர் பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டால் நிறையப் பேர் முழிப்பார்கள். இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று வருடா வருடம் சொல்கிறோமே, நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் சரியில்லை. அரசியல் பேச ஆரம்பித்தால் வகுப்பையே மறந்துவிடுகிறவர்கள் அவர்கள். புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6-ல் முகவரி என்ற இடம் வரும்போதுதான் பேனா நிற்கிறது. "சார், வீட்டு அட்ரஸா, ஹாஸ்டல் அட்ரஸா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ அந்தத் தொகுதியில்தான் பெயர் சேர வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கக் கூடாது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம். ஹாஸ்டல் என்றால் அங்கீகாரம் பெற்ற, குறைந்தது ஓராண்டுப் படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரி முதல்வரிடம் போனஃபைடு சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டில் எது நல்லது என்று நான் சொல்வதில்லை, அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஊரில் வைத்துக்கொண்டால் உள்ளாட்சித் தேர்தலில் தெரிந்த முகத்துக்குப் போடலாம், ஆனால் ஓட்டுப் போட ஊருக்குப் போயாக வேண்டும். ஹாஸ்டலில் வைத்துக்கொண்டால் நடந்தே போய்விடலாம், ஆனால் படிப்பு முடிந்ததும் மாற்ற வேண்டும். சில பேர் புத்திசாலித்தனமாக "ரெண்டு இடத்துலயும் போட்டு வச்சுக்கிறேன் சார்" என்பார்கள். ஏற்கெனவே வேறெங்கும் பெயர் இல்லை என்று படிவத்தின் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறாய், பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது என்றதும் அந்தப் புத்திசாலித்தனம் அடங்கிவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மறுவாரம் நிரப்பாமலே கொண்டு வருவார்கள். கேட்டால், "அப்பா இப்ப வேணாம்னாரு சார், கல்யாணம் ஆகிப் போற எடத்துல போட்டுக்கலாமாம்." இதை எதிர்ப்பில்லாமல், பஸ் பாஸ் பற்றிப் பேசுவது போல, சாதாரணமாகச் சொல்வார்கள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அப்பாவோடு சண்டை போடு என்று ஆசிரியர் சொல்ல முடியாது, சொன்னால் மறுநாள் அந்தப் பெண் கல்லூரிக்கு வருவாளா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, அப்பாவுக்கே போன் போட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் படிவம் 8 போட்டு மாத்திக்கலாங்க, இப்ப பதிஞ்சா எதுவும் கெட்டுப்போகாது" என்று சொல்வது. ஆச்சரியம் என்னவென்றால், நிறைய அப்பாக்களுக்கு எதிர்ப்பே இல்லை, மாற்ற முடியும் என்பது தெரியாது, அவ்வளவுதான். சில பேர் ரேஷன் கார்டில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுவார்கள். இல்லைங்க, அது வேறு, இது வேறு என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு இடைவேளை போய்விடும். எல்லா அப்பாக்களும் ஒத்துக்கொள்வார்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

வயது விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், ஜனவரி 2 பிறந்தநாள் என்றால் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூனில் பிறந்ததாக எழுதப்பட்டவர்கள் நம்மிடையே எவ்வளவு பேர் என்று வருகைப்பதிவேடு பார்க்கிற எந்த ஆசிரியருக்கும் தெரியும். அவர்களுக்கெல்லாம் இப்போது ஜூலை 1 கைகொடுக்கிறது. (1989 வரை வாக்களிக்கும் வயது இருபத்தொன்று என்று சொன்னால் இவர்கள் நம்புவதில்லை.)

விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், விசாரிக்க வருவார். பெரும்பாலும் அவரும் நம்மைப் போல ஓர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான், தன் வேலை போக இதையும் சுமப்பவர். அவர் ஹாஸ்டலுக்கு வரும் நேரம் பையன் லேபில் இருப்பான், வாட்ச்மேனுக்குப் பெயர் தெரியாது, கதை முடிந்தது. அதனால் வார்டனிடம் பட்டியல் கொடுத்து வைப்பதும், பிஎல்ஓவிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைப்பதும் எந்தப் பேரணியையும்விடப் பலன் தந்திருக்கிறது. இதற்குப் போட்டோ எடுக்க யாரும் வர மாட்டார்கள்.

இன்னொன்று, கையில் அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்ற நம்பிக்கை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெயர் இருந்து அட்டை இல்லாவிட்டாலோ, ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஒன்றைக் காட்டிப் போடலாம். பூத் ஸ்லிப் மட்டும் அடையாளமாகச் செல்லாது. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பட்டியலைத் தொட முடியாது என்பதால், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு என் மேசையைத் தேடி ஓடி வருபவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், கோபமும் வரும்.

யாருக்குப் போடுவது என்று என்னிடம் கேட்பார்கள். சொல்ல மாட்டேன். "அப்ப நோட்டா சார்?" அது 2013 முதல் இருக்கிறது, ஆனால் அதற்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் ஜெயித்தவர், தெரிந்துகொண்டு அழுத்து என்பேன். அதற்கு மேல் பேசினால் நான் ஓட்டர் ஐடி பார்க்கிறவர் இல்லை, பிரச்சாரம் பார்க்கிறவர் ஆகிவிடுவேன்.

ஊரில் ஓட்டு இருப்பவர்களுக்கு நாள்காட்டிதான் எதிரி. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. தூரத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு நாள் விடுமுறையில் போய் வருவது சாத்தியமில்லை. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, சனியும் ஞாயிறும் சேர்ந்து வந்தன. கல்லூரிகளால் கிழமையை மாற்ற முடியாது, ஆனால் தேர்தலுக்கு முந்தைய நாளும் மறுநாளும் இன்டர்னல் தேர்வு வைக்காமல் இருக்க முடியும். நான் முதல்வரிடம் விடாமல் கேட்பது இதைத்தான்.

இறுதியாண்டுப் பிள்ளைகள் நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்க என்னிடமும் வருகிறார்கள். ஹாஸ்டல் முகவரியில் பெயர் இருப்பவர்களிடம் படிவம் 8 பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். "வேலை எந்த ஊர்லன்னே தெரியல சார், எந்த அட்ரஸ் போட?" என்கிறார்கள். போய்ச் சேர்ந்து, ஒரு இடத்தில் தங்க ஆரம்பித்ததும் போடு என்கிறேன்.