திறந்தபடியே வரும் பூட்டு

இன்டர்நெட் இணைப்பு கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டு விஷயம் விசாரிப்பார்கள்: வேகம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "எத்தனை ஓடிடி வரும் அண்ணாச்சி?" இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டும் தளங்களைத்தான் ஓடிடி என்கிறார்கள். பத்து வரும், பதினைந்து வரும் என்று விளம்பரத் தாளில் வண்ண வண்ணச் சின்னங்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் திட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சின்னங்களுக்குள் யாருக்கான படங்கள் இருக்கின்றன, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. கேட்காததில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. சின்னத்தை அச்சிட்டவர்கள்தான் அதையும் சேர்த்து அச்சிட்டிருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் கேபிள் தொழில் செய்கிறவன் நான். தொண்ணூறுகளில் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒயர் இழுத்தோம். இன்று அதே தெருக்களில் ஃபைபர் இழுக்கிறோம். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேபிள் நடத்திய காலத்தில் சட்டத்தின் மீது எங்களுக்குப் பயம் இருந்தது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இல் வந்தது. அதில் நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. மீறினால் மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ, நகரமாக இருந்தால் காவல் ஆணையரோ எங்கள் கருவிகளைப் பறிமுதல் செய்யலாம். தணிக்கையில் 'ஏ' வாங்கிய படத்தை உள்ளூர் சேனலில் போட முடியாது. "ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு படம் போட்டால் என்ன, பிள்ளைகள் எல்லாம் தூங்கியிருப்பார்களே" என்று கேட்டுக் கடைக்கு வந்து நின்ற பெரிய மனிதர்கள் உண்டு. போடமாட்டேன் என்று சொல்ல எனக்கு அந்தச் சட்டம் துணையாக இருந்தது. கம்பிவழிப் போவதற்கு யாராவது ஒருவர் பொறுப்பாளி என்று அது சொன்னது. எங்கள் தெருவுக்கு அந்த ஒருவன் நான்.

இன்று அதே தெருவில், நான் இழுத்த ஃபைபர் வழியாகவே, அந்தப் பெரிய மனிதர்கள் நினைத்துப் பார்த்திராத காட்சிகளெல்லாம் பகல் மூன்று மணிக்கும் போகின்றன. அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் எல்லோரும் பெற்றோரைக் கை காட்டுகிறார்கள். "பெற்றோர் கட்டுப்பாடு" என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறோமே, அவர்கள் பயன்படுத்தவில்லை என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது நிறுவனங்களின் பதில்.

அந்தப் பெற்றோரின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் நிலைமை புரியும். அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். கணக்கு அவர் செல்போன் எண்ணில் இருக்கிறது. ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் போனில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, இங்கே ஐந்தாம் வகுப்புப் பையன் ரிமோட்டில் அடிக்கிறான். "இவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் புரியாது" என்று அம்மா பெருமையோடு சொல்கிறார். மொழி எது, பெயர் என்ன, வயது என்ன என்று திரை கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது அந்தப் பையன்தான். அவனைக் காப்பதற்கென்று வைத்த கட்டுப்பாட்டை அவனே திறந்து, அவனே முடிவு செய்து, அவனே மூடுகிறான். இப்படி நடக்கும் வீடுகள் ஒன்றிரண்டு இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டி.வி. மெக்கானிக் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான்.

சில வீடுகளில் கவனமாகக் குழந்தைகளுக்கென்று தனி புரொஃபைல் (ஒரே கணக்குக்குள் ஆளுக்கு ஒரு தனிப் பக்கம்) போட்டிருப்பார்கள். அதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஆனால் டி.வி.யைப் போட்டவுடன் வருகிற முதல் திரையில் அப்பாவின் படமும் பிள்ளையின் படமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அப்பாவின் புரொஃபைலுக்கு 'பின் எண்' (திறக்கக் கேட்கும் ரகசிய எண்) போடவில்லை என்றால், ரிமோட்டில் ஒரு முறை வலது பக்கம் நகர்த்தினால் போதும். குழந்தைகள் புரொஃபைல் இருந்தும் பயனில்லை. பூட்ட வேண்டியது பெரியவர்களுடைய புரொஃபைலை. அதையும் பூட்டிய பிறகு, புதிதாக ஒரு புரொஃபைலைத் தொடங்கி அதில் நுழையும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நெட்ஃபிளிக்ஸில் அதற்கும் வழி இருக்கிறது: புதிய புரொஃபைல் சேர்க்கவும் பின் எண் கேட்கும்படி அமைக்கலாம். குறிப்பிட்ட ஒரு தொடரை மட்டும் பெயர் சொல்லி மறைக்கவும் முடியும். நல்ல வசதிகள்தான். டி.வி.யில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது. போனிலோ கணினியிலோ கணக்குப் பக்கத்துக்குள் போய்த் தேட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போய் வந்து களைத்திருக்கும் ஒரு தாய் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஓடிடி தளங்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து வகையாகப் பிரிக்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும்போது எந்த வகை, உள்ளே வன்முறையா, ஆபாசமா, போதைப் பழக்கமா என்று திரையில் காட்ட வேண்டும். யு/ஏ 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். 'ஏ' வகைக்கு நம்பகமான வயதுச் சரிபார்ப்பு முறை இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த விதிகளை நான் மதிக்கிறேன். பல முறை படித்திருக்கிறேன். படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். பூட்டு "தரப்பட வேண்டும்" என்று இருக்கிறதே தவிர, அது பூட்டிய நிலையில் வர வேண்டும் என்று இல்லை. 'நம்பகமான' சரிபார்ப்பு என்றால் எது என்றும் விளக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் நிற்கிறார்கள். கிணறு வெட்டுகிறவரே சுற்றுச்சுவரையும் எழுப்பிவிட்டுப் போவதுதான் முறை. செங்கல்லைக் கிணற்றடியில் அடுக்கி வைத்துவிட்டு, வேண்டியவர்கள் கட்டிக்கொள்ளுங்கள் என்று யாரும் போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். சந்தா தொடங்கும்போதே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான எல்லாமும் மூடியிருக்கட்டும். வேண்டும் என்கிற பெரியவர் தன் பின் எண்ணை வைத்துத் திறந்துகொள்ளட்டும். எதையும் யாருக்கும் மறுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் எதைப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் என்னுடையதில்லை. திறக்கும் சிரமம் பெரியவருக்கு ஒரு நிமிடம். மூடும் சிரமம் இன்று பல வீடுகளில் நடக்கவே நடக்காத ஒன்றாக இருக்கிறது.

நான் இதுவரை சொன்னது பெயர் பெற்ற தளங்களைப் பற்றி. ஆபாசத்தை மட்டுமே நம்பிக் குறைந்த சந்தாவில் நடத்தப்படும் செயலிகள் வேறு ரகம். 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அப்படிப்பட்ட 18 ஓடிடி தளங்களை முடக்கியது. கூடவே 19 இணையதளங்களும் 10 செயலிகளும் முடக்கப்பட்டன. அவற்றில் ஒரு செயலி கூகுள் பிளே ஸ்டோரில் ஒரு கோடி முறைக்கு மேல் பதிவிறக்கம் ஆகியிருந்தது என்று அமைச்சகமே சொன்னது. ஒரு கோடி! 2025 ஜூலையில் இன்னும் 25 தளங்களை முடக்க உத்தரவு வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கோடி பேர் இறக்கிக்கொள்ளும் வரை அந்தச் செயலி எல்லோருக்கும் தெரியும் கடையில்தான் இருந்திருக்கிறது. இவை எங்கள் ஃபைபர் திட்டத்தோடு வருவதில்லை. விளையாட்டுச் செயலிக்கு நடுவே வரும் விளம்பரம் வழியாக, தாத்தாவின் போனில் நுழைகின்றன. தாத்தாவின் யுபிஐ பின் எண் பேரனுக்குத் தெரியும், ஏனென்றால் மளிகைக் கடையில் தாத்தாவுக்காக அழுத்துகிறவன் அவன்தான். தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே ஒப்புதலும் அதே எண்ணில்தான் போகிறது. எனவே வீட்டில் வயதானவர்கள் இருந்தால், யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பட்டியலை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம்.

பிரிட்டனில் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுடைய இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் எல்லாம் உறுதியான வயதுச் சோதனை வைக்க வேண்டும். "எனக்கு 18 ஆகிவிட்டது" என்ற பொத்தான் செல்லாது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், ஓன்லிஃபேன்ஸ் என்ற சந்தா தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 10 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது. முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் கருவியில், 23 வயதுக்குக் கீழ் தெரிகிற எல்லோரையும் மேற்கொண்டு சோதிக்கிறோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. உண்மையில் அந்த எல்லையை 20-இல் வைத்திருந்தார்கள். தவறான தகவல் தந்ததற்காகவே அந்த அபராதம். கேள்வி கேட்க ஓர் அமைப்பு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனம், பதில் பிசகினால் தண்டனை: இந்த மூன்றும் இங்கேயும் வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் ஆபாசத் தளத்துக்கு ஆதார் எண்ணையும் முகப்படத்தையும் கொடுக்கும் முறை நம் நாட்டில் வேண்டாம். அந்தத் தகவல்கள் எங்கே போய்ச் சேரும் என்ற அச்சம் எனக்கு நிறைய உண்டு. சந்தா கட்டுகிற பெரியவரின் பின் எண்ணே நம் வீடுகளுக்குப் போதுமான முதல் படி.

அந்த நாள் வரும் வரை நான் செய்வதைச் சொல்கிறேன். இணைப்பு விண்ணப்பத்தில் "வீட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் உண்டா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உண்டு என்றால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் என் கடைப் பையன்களை அனுப்புகிறேன். பெரியவர்கள் புரொஃபைலுக்குப் பின் எண், புதிய புரொஃபைலுக்குப் பின் எண், தானாக ஓடும் முன்னோட்டங்களை நிறுத்துவது, தெரியாத கருவிகளை வெளியேற்றுவது எல்லாம் அவர் கையாலேயே செய்ய வைக்கிறோம். வண்டி எண்ணையும் பிறந்த ஆண்டையும் பின் எண்ணாக வைக்க விடுவதில்லை. அவற்றைப் பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் பெரிய சிக்கல் அப்பத்தாக்கள்தான். மதியம் தனியாக இருப்பவருக்குப் பின் எண் நினைவில் நிற்காது. "எனக்கு சீரியல் வரவில்லை தம்பி" என்று கடைக்குப் போன் செய்வார். சாயங்காலம் மகன் வந்து எரிச்சலில் எல்லாப் பூட்டையும் எடுத்துவிடுவார். அதனால் அப்பத்தாவுக்கென்று தனி புரொஃபைல் ஒன்று, யு/ஏ 7+ வரை மட்டும் காட்டும்படி, பின் எண் இல்லாமல் போட்டுக் கொடுக்கிறோம். பேரனும் அதில் பார்க்கலாம். அதற்குப் பிறகு பூட்டை எடுக்கச் சொல்லும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை (இணையதளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் சேவையின் முகவரி) 1.1.1.3 என்று மாற்றித் தருகிறோம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக இலவசமாக நடத்தும் வடிகட்டி அது. ஆபாச இணையதளங்களில் பெரும்பாலானவை திறக்காது. ஆனால் ஓடிடி செயலிக்குள் இருக்கும் 'ஏ' படத்தை அது தடுக்காது. பிள்ளை செல்போன் டேட்டாவுக்கு மாறினாலும் பயனில்லை. இதையும் பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம், அதை நம்பி யாரும் அயர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தாய் அழுதுகொண்டே அழைத்தார். எட்டாம் வகுப்பு மகன் என்ன பார்த்தான் என்பது 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் பளிச்சென்று இருந்திருக்கிறது. "லைனை இன்றைக்கே வெட்டிவிடுங்கள் அண்ணே, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நேரில் போனேன். தானாக ஓடிய முன்னோட்டத்தில்தான் முதலில் பார்த்தேன் என்று பையன் சொன்னான். அது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பூட்டுகளைப் போட்டேன். பிறகு அந்தத் தங்கையிடம் சொன்னேன்: "அவனை அடிக்காதே அம்மா. இன்றைக்கு அடித்தால், நாளைக்கு இதைவிட மோசமானது எதையாவது எவனாவது காட்டினாலும் அவன் உன்னிடம் வந்து சொல்லமாட்டான்." ஒரு பிள்ளைக்குத் தெரிந்தே அப்படிப்பட்டதைத் தவறான நோக்கத்தோடு காட்டுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகள் சுவரில் பார்க்கும் எண்தான் அது. பெற்றோருக்குத்தான் பல வீடுகளில் தெரியவில்லை.

எங்கள் வட்டாரத்தில் இணைப்பு கொடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். டி.வி.யில் கணக்கைத் தொடங்கும்போது ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் கொடுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஒரு வீட்டுக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். அடுத்த சங்கக் கூட்டத்தில் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கொண்டுவருகிறேன். மூடிய நிலையிலேயே ஓடிடி திட்டங்களைத் தர வேண்டும் என்று பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு எழுதும் கடிதமும் தயாராக இருக்கும்; படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.