ஒரே படம், இரண்டு தட்டுகள்

வைராய்டு என்பது செடிகளைத் தாக்கும், வெறும் ஆர்.என்.ஏ.வாலான மிகச் சிறிய நோய்க்கிருமி. அதை ஆராயும் ஆய்வகத்தில் சேர்ந்ததும் எனக்கு மனப்பாடம் ஆனது ஒரு படம்தான். உருளைக்கிழங்கை இரு முனையும் கூம்பிப்போகச் செய்யும் வைராய்டின் 359 எழுத்துகள் (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்), தமக்குள் ஜோடி சேர்ந்து, நடுநடுவே சிறு வளையங்களோடு நீண்ட குச்சிபோலக் கிடக்கும் படம். 1971இல் தியோடர் டைனர் அடையாளம் கண்ட இந்த ஆர்.என்.ஏ., ஒரு புரதத்தைக்கூட உருவாக்குவதில்லை. அப்படியானால் செடியைக் கெடுப்பது அதன் வடிவம்தானே என்று நம்பினேன். குச்சியின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ நோய் அவ்வளவு கடுமை என்று 1980களில் ஒரு கருத்து இருந்தது. அது எனக்கு வசதியாகவும் போய்விட்டது.

ஒரு நாள் மேற்பார்வையாளர் இரண்டு குழாய்களைக் கொடுத்தார். ஒன்றில் அந்த வைராய்டின், நடுத்தர அளவில் நோய் தரும் திரிபு. இன்னொன்றில் அதே ஆர்.என்.ஏ., 257ஆம் இடத்தில் மட்டும் யுராசில் என்ற எழுத்துக்குப் பதில் அடினின். கணினியில் மடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே குச்சி. நோட்டில் “வித்தியாசம் இருக்காது” என்று எழுதிவிட்டுத்தான் தக்காளி நாற்றுகளின் வித்திலைகளில் இலையைக் கீறும் கார்போரண்டம் தூளைத் தூவி, இரண்டையும் தனித்தனித் தட்டில் தேய்த்தேன்.

சில வாரங்களில் முதல் தட்டில் இலைகள் சுருண்டன, வளர்ச்சி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இரண்டாவது தட்டில் நுனி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, செடியின் தலை தட்டையாக இருந்தது. லேபிள் மாறிவிட்டது என்றேன். “செடியிலிருந்தே எடுத்து வரிசையைப் படியுங்கள்” என்றார். படித்தேன், மாறவில்லை. சரி, இதில் வைராய்டு அதிகம் பெருகியிருக்கும் என்று ஆர்.என்.ஏ.வின் அளவைப் பட்டையாகக் காட்டும் நார்தர்ன் பிளாட் சோதனை போட்டேன். இரண்டு பட்டைகளும் ஒரே அடர்த்தி.

அப்புறம்தான் சொன்னார்: இது 2003இலேயே வெளிவந்த முடிவு. செல்கள் பிரிவதில் குறையில்லை, விரிவதில்தான் தடை. செல் சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் மரபணு ஒன்றின் செயல்பாடும் அதோடு சேர்ந்து குறைகிறதாம். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: இரண்டு எழுத்து தள்ளி, 259இல் சைட்டோசினை யுராசிலாக மாற்றினால் அந்தக் கொடுமை மறைந்துவிடும்! படித்திருக்க வேண்டியதைப் படிக்காமல் செடியிடம் கற்றுக்கொண்டேன்.

வடிவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பீச் மரத்தின் வைராய்டில் 12 முதல் 14 எழுத்துகள் கூடுதலாக நுழைந்து ஒரு கொண்டை ஊசி வளைவு முளைத்தால் இலை வெளுத்துவிடுகிறது. செடியே அந்த ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. அவற்றில் சில, பசுங்கணிகத்துக்குத் தேவையான ஒரு மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி, அதையும் வெட்ட வைக்கின்றன. வடிவம், வரிசை, செடியின் சொந்தக் கத்தி மூன்றும் அங்கே பின்னிக் கிடக்கின்றன.

இப்போதும் புதிய திரிபு வந்தால் மடிப்புப் படம் எடுக்கிறேன். நாற்றில் தடவி மூன்று வாரம் ஆன பிறகுதான்.