சாப்பாட்டோடு மட்டும்

"தம்பி, இந்த மூண்டாவதை எழுதாமல் விட ஏலாதோ?" என்று கேட்டார் அண்ணை. அவரது உணவகத்தில் மது பரிமாற லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் நான். பொலிஸ் அனுப்பிய நிபந்தனைகளில் மூன்றாவது இது: மேசையில் இருந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே, சாப்பாட்டோடு மட்டுமே, பணியாளர் கொண்டுவந்து மது பரிமாற வேண்டும். "ஒப்புக்கொள்ளுங்கோ அண்ணை. பொலிஸ் எதிர்க்காட்டி விசாரணை இல்லை" என்றேன்.

சட்டப்படி அந்தப் பதிலில் பிழை இல்லை. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், மறுநாளிலிருந்து 28 நாட்களுக்கு நீலத்தாள் அறிவித்தல் கடை வாசலில் தொங்க வேண்டும். முதல் 10 வேலைநாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவரும் முறைப்படி ஆட்சேபிக்காவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்; மறுக்க அதற்கு அதிகாரம் இல்லை. பொலிஸ் ஆட்சேபித்தால் கவுன்சிலர்கள் முன் விசாரணை. அது 28 நாட்கள் முடிந்தபின் இன்னும் 20 வேலைநாட்கள் வரை இழுபடும். திறக்காத கடைக்கும் வாடகை ஓடும்.

ஆனால் விண்ணப்பத்தில் நாம் முன்வைக்கும் ஒவ்வொரு வரியும் லைசென்ஸில் நிபந்தனையாக ஏறிவிடும். மீறினால் 136ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். பலர் இன்னொரு கடையின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். சிசிடிவி பதிவை 31 நாட்கள் வைத்திருப்போம் என்று எழுதிவிடுவார்கள். வாங்கிய ரெக்கோர்டரோ மூன்று கிழமையில் நிறைந்து பழையதை அழிக்கும். வெள்ளி, சனி வாசலில் காவலர் நிற்பார் என்று எழுதுவார்கள். முப்பது பேர் இருக்கும் கடைக்கு அந்தச் சம்பளம் கட்டுபடியாகாது. இவற்றை நான் வெட்டிவிடுவேன். மூன்றாவதை வெட்டவில்லை. உணவகம்தானே, சாப்பிடத்தானே வருகிறார்கள் என்பது என் கணக்கு.

எங்கள் ஆட்களின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் முதல் இரண்டு மணித்தியாலம் யாரும் கதிரையில் இருப்பதில்லை. ஒரு கையில் ரோல்ஸ், மறுகையில் கிளாஸ். சட்டம் சொல்லும் மேசைச் சாப்பாடு, மேசையிலோ மேசையாகப் பயன்படும் கவுண்டரிலோ இருந்து உண்பது. நின்றுகொண்டு தின்னும் ரோல்ஸ் அதில் சேராது.

அதற்கும் வழி சொன்னேன்: தற்காலிக நிகழ்வு அறிவித்தல். அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் லைசென்ஸ் நிபந்தனைக்கு வெளியே மது பரிமாற கவுன்சிலுக்குக் கொடுப்பது. கட்டணம் 21 பவுண்ட், பணியாளர் உட்பட 499 பேர் வரை. கொடுக்கும் நாளையும் நிகழ்வு நாளையும் கழித்து இடையில் 10 முழு வேலைநாட்கள் இருக்க வேண்டும். பிந்தினால் ஐந்து முதல் ஒன்பது வேலைநாட்கள் வரை ஒரு வாய்ப்பு உண்டு. அதற்குப் பொலிஸோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் அது செத்துவிடும்.

ஒரு பிறந்தநாள் விருந்துக்கு முன்பதிவு வந்தது திங்கட்கிழமை, விருந்து அதே கிழமை சனிக்கிழமை. இடையில் நான்கே வேலைநாட்கள். அண்ணை மறுக்கவில்லை, எப்படி மறுப்பார், ஊர் ஆட்கள். விருந்தன்று இரவு அதிகாரிகள் பரிசோதனைக்கு வந்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தோடு போனது. ஆனால் கடிதம் கோப்பில் இருக்கும். நாளை யாராவது லைசென்ஸை மீளாய்வு செய்யக் கேட்டால் முதலில் எடுப்பது அதைத்தான்.

நிபந்தனையை வாசித்துத்தான் அவர் ஒப்புக்கொண்டார். நானும் விளக்கினேன். இருந்தும் அவர் கேட்டது சட்டக் கேள்வி அல்ல என்று இப்போது படுகிறது. தன் கடைக்கு யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் காலண்டரைப் பார்த்துப் பதில் சொன்னேன். அந்த மாத வாடகையை நினைத்தால் அதே பதிலை மறுபடியும் சொல்லியிருப்பேனோ என்றும் தோன்றுகிறது.

இப்போது அந்த வரியோடு ஒரு விலக்கைச் சேர்த்து எழுதுகிறேன்: "முன்பதிவு செய்த தனியார் நிகழ்வுகள் நீங்கலாக, விருந்தினர் பட்டியல் கடையில் இருக்கும், ஏழு நாட்களுக்கு முன் பொலிஸுக்கு மின்னஞ்சல் போகும்." சில அலுவலர்கள் ஏற்கிறார்கள். ஏற்காதவரிடம் விசாரணைக்குப் போவோமா என்று கடைக்காரரைக் கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டு விலக்கை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அண்ணையின் கடைக்கு அந்த வரியை மாற்ற முழு விண்ணப்பம் போட வேண்டும்: மறுபடியும் நீலத்தாள், மறுபடியும் 28 நாட்கள், இந்த முறை கோப்பில் அந்தக் கடிதத்தோடு. போடலாமா என்று கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.