கசாப்புக்கூடங்கள் மூடின, லாரிகள் நிற்கவில்லை

அமெரிக்காவில் மிஞ்சியிருந்த மூன்று குதிரைக் கசாப்புக்கூடங்களும் 2007-இல் மூடப்பட்டன: டெக்சாஸில் இரண்டு, இல்லினாயில் ஒன்று. அதன்பிறகு ஏலத்தில் மலிவாகப் போன குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரி ஏறின. 2010-இல் மட்டும் சுமார் 1,38,000. அப்போது வெட்டு குறையவில்லை, அதற்கு முந்தைய பயணம்தான் நீண்டது.

சவாரிக் குதிரையை இறைச்சிக்கு அனுப்பவே கூடாது என்பதுதான் என் நிலை. இரக்கம் மட்டுமே காரணமில்லை. அங்கே குதிரைக்கு மூட்டுவலி வந்தால் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து ஃபினைல்பியூட்டசோன். உணவுக்குப் போகும் குதிரைக்கு இதைத் தரக்கூடாது என்று அதன் சீட்டிலேயே இருக்கிறது. பல கைமாறி ஏலத்துக்கு வரும் குதிரை என்னென்ன மருந்து தின்றது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் குதிரையை இறைச்சிக்கு அனுப்பத் தடை வேண்டும் என்கிறவர்கள் கிழட்டுக் குதிரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். வருடத்துக்குச் சுமார் மூன்று டன். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். பல் தேய்ந்துவிட்டால் பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும். அப்போது ஊறவைத்த தீவன வில்லைக்கு மாற்றியாக வேண்டும். குளிர்காலத்தில் கண்ணை நம்பாதீர்கள். அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும். விலாவில் உள்ளங்கையை அழுத்தி வைத்து எலும்பைத் தடவிப் பாருங்கள்.

பராமரிக்க முடியாமல் போனால் "இலவசம்" என்று விளம்பரம் போடாதீர்கள். இலவசக் குதிரையைத் தேடி முதலில் வருவது இறைச்சித் தரகராகவும் இருக்கலாம். தெரிந்தவருக்கே கொடுத்தாலும், திரும்ப விற்பதானால் முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

குணமாகாத வலி என்றால் கருணைக்கொலைதான் கண்ணியமான வழி. கால்நடை மருத்துவர் முதலில் மயக்க ஊசி போட்டு, பிறகு பென்டோபார்பிட்டல் என்ற உயிர்போக்கும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார். இதயத் துடிப்பு நின்றதா, விழியைத் தொட்டால் இமைக்கிறதா என்று பார்த்தபிறகே உறுதி செய்வார். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்: அந்த மருந்து உடலிலேயே தங்கிவிடும். பிணத்தைத் தின்னும் கழுகும் நாயும் சாகக்கூடும். உடனே ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். சொந்த நிலமானாலும் புதைக்க எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. குளிர்நாட்டில் மண் உறைந்தால் தோண்டுவதும் கடினம். ஆகவே உள்ளூர் விதியை முன்பே விசாரித்து, மண்வெட்டும் இயந்திரக்காரரிடம் பேசி வைத்துவிட்டு, இயந்திரம் வந்துபோக வழியுள்ள இடமாகப் பார்த்துக் குதிரையை நிறுத்துங்கள்.