தமிழ்க் காதும் ஆங்கில ஸ்பெல்லிங்கும்: கோத்தகிரியிலிருந்து எஸ்எஸ்சி எழுதியவனின் குறிப்புகள்

மத்திய அரசு வேலைக்காகப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தைத் தாண்டினால் போதும், அதன் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. தரவரிசையைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டம்தான். அதில் கணக்குக்கு 30 கேள்விகள், 90 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 135 மதிப்பெண். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ராத்திரி பகலாகக் கணக்கையே போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம்.

நானும் தமிழ் மீடியம்தான். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. கோவையில் கொஞ்ச நாள் கோச்சிங் போனேன். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் கட்டில் ஸ்பெல்லிங் பகுதியிலேயே பிழைகள் இருந்தன. சரி, இதற்கு வீட்டிலேயே படிக்கலாம் என்று மலை ஏறிவிட்டேன். இப்போது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பி தங்கைகள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எத்தனை வேர்ட்ஸ் மனப்பாடம் பண்ணீங்க?"

எண்ணிக்கையை வைத்து நான் படிக்கவில்லை. ஐயாயிரம் சொற்கள், பத்தாயிரம் சொற்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களை இறக்கி வைப்பதில் ஒரு திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான். பழைய வினாத்தாள்களில் வந்த சொற்களை மட்டும் தொகுத்தாலே போதுமான பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சொல்லை அதன் மூட்டுகளில் பிரித்துப் பார்த்தால் எழுத்தும் பொருளும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பது இரட்டை வேலை.

முதலில் நமக்கு எங்கே தப்பு வருகிறது என்று பாருங்கள். நம் தப்புகள் தாறுமாறானவை அல்ல, தமிழ்க் காது கேட்கிற விதத்தில் வருபவை. 'சிட்டி' என்று சொல்கிறோம். 'எடிட்டர்', 'விசிட்டர்', 'பாலிட்டிக்ஸ்', 'காப்பி' என்கிறோம். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒற்றை எழுத்துதான். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ட வந்தால் 'பாடம்' என்பதில் வருவதுபோல மென்மையாக ஒலிக்கும். அழுத்தமான ஒலி வேண்டுமென்றால் ட்ட போட்டாக வேண்டும். அதனால் அழுத்தமாகக் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் நம் காது இரட்டை எழுத்து இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. 'கமிட்டி' நல்ல உதாரணம். அதில் டி இரண்டு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எம்மும் இரண்டு, கடைசியில் ஈயும் இரண்டு என்பது பாதிப் பேருக்கு நழுவிவிடும்.

அடுத்த வில்லன் இரட்டை ஆர். தமிழில் ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேர்ந்து வராது என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதி. ர்ர என்று நாம் எழுதியதே இல்லை. அதனால் 'அக்கரன்ஸ்', 'எம்பாரஸ்', 'இர்ரெலவன்ட்' போன்றவற்றில் இரண்டாவது ஆர் நமக்குக் கேட்கவே கேட்காது. தேர்வு வைப்பவர்களுக்கும் இந்த இடங்கள் பிடித்தமானவை.

ப, ட, க பற்றிச் சொல்லவே வேண்டாம். பஸ்ஸில் வரும் எழுத்தின் பெயரையும் பேனாவில் வரும் எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' தான். இந்தக் கட்டுரையை எழுதும்போதே எனக்கு அந்தச் சிக்கல்.

நோயைத் தந்த தமிழிலேயே மருந்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி படித்திருப்பீர்கள். மரம் + கள் = மரங்கள். பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப முன்னால் நிற்கும் மெய் மாறுகிறது. லத்தீனிலும் இதே கதைதான். 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு, 'பாசிபிள்' முன்னால் வந்தால் 'இம்பாசிபிள்' ஆகிறது. 'லீகல்' முன்னால் 'இல்லீகல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்ரெகுலர்', 'மெச்சூர்' முன்னால் 'இம்மெச்சூர்'. முன்னொட்டின் கடைசி எழுத்து அடுத்த எழுத்தாகவே மாறிவிடுவதால்தான் இரட்டை வருகிறது. இர்ரெலவன்ட், இர்ரெஸிஸ்டிபிள் இரண்டிலும் இரட்டை ஆர் வருவதற்குக் காரணம் இதுவே.

'அக்காமடேட்' என்ற பிரசித்தி பெற்ற தொல்லையும் இப்படித்தான் உடையும். 'அட்' என்ற முன்னொட்டு சி-க்கு முன்னால் 'அக்' ஆனது, அதனால் சி இரண்டு. அதற்குப் பின்னால் 'காம்', 'மாட்' என்று இரண்டு துண்டுகள், அதனால் எம் இரண்டு. 'அக்கரன்ஸ்' என்பது 'ஆப்' என்ற முன்னொட்டோடு ஓடுதல் என்ற பொருளுள்ள 'குர்ரேரே' சேர்ந்தது. ஆப் மாறியதால் இரட்டை சி, ஓடுவதால் இரட்டை ஆர். அதே ஓட்டம்தான் கரன்ட், கரன்சி, கரிக்குலம் எல்லாவற்றிலும். நான்கிலும் ஆர் இரண்டு. ஒரு விதியில் நான்கு சொற்கள் முடிந்தன, பொருளும் கூடவே வந்துவிட்டது.

எல்லாமே இப்படி உடையாது. 'எம்பாரஸ்' உடைத்துப் பயனில்லை. ஆர் இரண்டு, எஸ் இரண்டு என்று மனப்பாடம்தான். அதன் பக்கத்திலேயே 'ஹராஸ்' எழுதி வையுங்கள், அதில் ஆர் ஒன்று, எஸ் இரண்டு. 'சூப்பர்ஸீட்' தனிக்கட்டை: எஸ்-ஈ-டி-ஈ என்று முடியும் ஒரே ஆங்கிலச் சொல் அது. எக்ஸீட், ப்ரொஸீட், சக்ஸீட் மூன்றும் இரட்டை ஈ வைத்து சி-ஈ-ஈ-டி என்று முடியும். ப்ரிஸீட், ரிஸீட், கன்ஸீட் போன்றவை சி-ஈ-டி-ஈ.

நடுவில் விழுங்கப்படும் உயிரெழுத்துகளுக்கு ஒரு வழி உண்டு, கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். தமிழைப் படிப்பதுபோல எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிப்பது. புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்று சொல்லிப் படித்தவர்கள்தானே நாம்? 'செபரேட்' என்று நாகரிகமாகச் சொன்னால் நடுவில் ஈ-யா ஏ-யா என்று தெரியாது. 'செ-பா-ரா-டே' என்று சொல்லிப் பாருங்கள், ஏ இரண்டு தடவை வருவது மறக்காது. 'டெ-ஃபி-நி-டே', 'கா-லென்-டார்', 'செ-மெ-டெ-ரி' எல்லாம் இப்படித்தான் எனக்கு ஏறின. நான் வாசலில் உட்கார்ந்து இப்படி ஓதுவதைக் கேட்டுவிட்டுத் தங்கச்சி, "அண்ணா, இது இங்கிலீஷா, மந்திரமா?" என்பாள். ஆனால் தினமும் சாயங்காலம் எனக்கு டிக்டேஷன் போட்டவளும் அவள்தான். சரியான உச்சரிப்பைத் தனியாக டிக்‌ஷனரி ஆப்பில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஓதுகிற உச்சரிப்போடு வெளியே பேசப் போய்விடக் கூடாது.

பொருளுக்கு வருகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கிரேக்க வேர்ச்சொற்கள் இங்கே மரமாகவும் செடியாகவும் நிற்கின்றன. நாங்கள் கற்பூர மரம் என்று சொல்கிற யூக்கலிப்டஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 'யூ' என்றால் நன்றாக, 'கலிப்டோஸ்' என்றால் மூடப்பட்டது. அதன் பூ மொட்டுக்கு ஒரு மூடி இருக்கும், கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கிப் பார்த்தால் தெரியும். இந்த 'யூ' கையில் வந்துவிட்டால் யூலஜி நல்ல பேச்சு, அதாவது புகழுரை. யூஃபெமிசம் இடக்கரடக்கல். யூஃபோரியா அளவு கடந்த மகிழ்ச்சி. யூதனேசியா கருணைக்கொலை. எல்லாம் ஈ-யூ என்று தொடங்கும். மூடி என்ற அந்த இன்னொரு பாதி 'அபோகலிப்ஸ்' என்பதில் வருகிறது. அதற்கு மூடியைத் திறந்து காட்டுதல் என்றுதான் மூலப்பொருள்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகைகள் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுப்பார்கள், நான் நோட்டு எடுத்துக்கொண்டு போவேன். ரோடோடென்ட்ரான்: 'ரோடோன்' ரோஜா, 'டென்ட்ரான்' மரம். சோலைக்காடுகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்குமே, அதுதான். ஆருக்குப் பின் எச் வருவது கிரேக்கச் சொற்களின் அடையாளம். ரிதம், ரெட்டரிக், ரூமாட்டிசம் எல்லாவற்றிலும் அந்த எச் ஒளிந்திருக்கும். கிரைசாந்திமம், நம் சாமந்திக் கூட்டம்: 'கிரைசோஸ்' பொன், மீதி பூ. அதே பூதான் 'ஆந்தாலஜி'யிலும். பூக்களைத் தொகுப்பது என்பது கவிதைகளைத் தொகுப்பதாக மாறியது. ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்கும் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் சொல் இது.

சின்கோனா பற்றி ஒரு கிளைக்கதை. நடுவட்டம் பக்கம் போனால் இந்த மரத்தின் பெயரைக் கேட்காமல் வர முடியாது. மலேரியாவுக்கான கொய்னா எடுக்கும் மரம். தென் அமெரிக்காவிலிருந்து 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். ஸ்பெயினின் சின்ச்சோன் என்ற ஊரின் கோமாட்டி பெயரை இந்த மரத்துக்கு வைத்தவர் லின்னேயஸ். வைக்கும்போது முதல் எச்சை விட்டுவிட்டார். எச் வேண்டும் என்று மார்க்கம் வாதாடிப் பார்த்தார், எழுதிப் பார்த்தார், உலகம் கேட்கவில்லை. அந்த முதல் எச் இல்லாமல்தான் இன்றும் டிக்‌ஷனரியில் இருக்கிறது. 'ஏன் இப்படி எழுதணும், இது நியாயமா?' என்று ஸ்பெல்லிங்கோடு சண்டை போடுகிறவர்களிடம் நான் மார்க்கத்தைச் சொல்வேன்.

பூங்காவும் காடும் மட்டும் இல்லை. அப்பா வேலை செய்த ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் நீளத் தொட்டியை எல்லோரும் 'ட்ரஃப்' என்பார்கள். எழுதினால் ஓ-யூ-ஜி-எச். அதே நான்கெழுத்து 'த்ரூ'வில் ஊ ஆகிறது, 'தோ'வில் ஓ ஆகிறது, 'டிரவுட்'டில் அவு ஆகிறது. வாட்டுவதற்குப் பெயர் 'விதரிங்'. 'விதர்' தேர்வில் வந்தால் வாடுதல், எதிர்ச்சொல் ஃப்ளரிஷ் அல்லது ப்ளூம். எஸ்டேட்டில் காலையில் ஆள் சேர்க்கும் இடம் 'மஸ்டர்'. கேள்வித்தாளில் 'மஸ்டர் கரேஜ்' என்று வந்தால் தைரியத்தைத் திரட்டுவது. 'ப்ளக்' என்றால் கொழுந்து கிள்ளுவது எல்லோருக்கும் தெரியும், பெயர்ச்சொல்லாக வந்தால் துணிச்சல் என்பது பலருக்குத் தெரியாது. ராணுவ முகாம் இருக்கிற வெலிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு லெஃப்டினன்ட் தெரியாமல் இருக்காது. 'லியூ' இடம், 'டெனன்ட்' பிடித்திருப்பவர்: இன்னொருவர் இடத்தில் நிற்பவர். 'இன் லியூ ஆஃப்' என்ற தொடரும் அதோடு வந்துவிடும்.

நோட்டு போடும் முறை எளிது. சொல், அதன் துண்டுகள், அதே வேரில் பிறந்த இரண்டு மூன்று உறவுகள், நானே எழுதிய ஒரு வாக்கியம். வாக்கியம் நம் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும், டிக்‌ஷனரியில் இருப்பதைக் காப்பியடித்தால் மனதில் நிற்காது. மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். தப்பானவை மட்டும் மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வைத்துச் சொன்ன முறையின் நோட்டு வடிவம் இது. திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த மாதிரி தோன்றும், கையில் வராது. போனில் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கிறவரை உங்கள் தப்பு உங்களுக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நான்கு சொற்களில் பிழையானது எது என்ற மாதிரிக் கேள்விகளை ஆரம்பத்திலேயே போட ஆரம்பிக்காதீர்கள். பிழையான வடிவத்தைப் பத்துத் தடவை கண் பார்த்துவிட்டால் அதுவும் பழகிய முகமாகிவிடும். பட்டியலைப் பார்க்காமல் எழுதும் நிலை வந்த பிறகு மாக் டெஸ்ட்டுக்குப் போனால் போதும்.

தேர்வு அறையில் சந்தேகம் வந்தால் ரஃப் தாளில் சொல்லைக் கையால் எழுதிப் பாருங்கள். பழகிய கை பெரும்பாலும் சரியாகவே போகும். இரண்டாம் கட்டத்தில் தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும். நான்கு விடைகளில் எதுவுமே புரியாமல் குத்துமதிப்பாகப் போட்டால், நான்கில் ஒன்று சரியாகி மூன்று கிடைக்கும், மற்ற மூன்றில் மூன்று போகும், கணக்கு பூஜ்யம்; விட்டுவிடலாம். இரண்டை நீக்க முடிந்தால், அதாவது இரட்டை எழுத்து சரியென்று நிச்சயமாகத் தெரிந்த இரண்டைத் தள்ள முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைப் போடுவது லாபம். முதல் கட்டத்தில் சரிக்கு 2, தப்புக்கு அரைதான் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் துணியலாம்.