ஈரமும் எடையும்

பருப்பு வியாபாரத்தில் ஈரம் என்றால் காசு. உளுந்தில் ஈரம் கொஞ்சம் கூடினால் மூட்டையின் எடை கூடும், விற்பவனுக்கு லாபம். கப்பல் சென்னைக்கோ மும்பைக்கோ போய்ச் சேர்வதற்குள் அந்த ஈரம் காய்ந்தால் வாங்கியவனுக்கு எடையில் நஷ்டம். காயாமல் கன்டெய்னருக்குள்ளேயே புழுங்கினால் பூஞ்சை பிடித்துச் சரக்கே போச்சு. ரங்கூனில் பயின்னவுங் மொத்தச் சந்தையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். (1989-இல் ஊர்ப் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான்.) மனசாட்சி என்று பெரிதாகப் பேசுகிறார்களே, என் வேலையில் அது எப்போதும் இந்த ஈரக் கணக்காகத்தான் எதிரே வந்து நின்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு நல்ல பங்கு இங்கிருந்து போவது. ஐராவதி டெல்டாவிலும் பகோ பக்கமும் நெல் அறுத்த வயலில் விதைப்பார்கள், மாசி பங்குனியில் சரக்கு வரத்து தொடங்கும். துவரை மேலே வறண்ட பூமியில், மக்வே, சகாயிங், மாண்டலே பக்கம் விளைவது. பர்மியர்கள் ப்வேயோன் என்று சொல்லும் தரகு மண்டிகளில் பேரம் பாதிக்கு மேல் வாய்ப்பேச்சுதான். சின்னப் பையில் சாம்பிள் வரும். ஒரு கை அள்ளிப் பார்ப்பார்கள், இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார்கள். எஃப்ஏகியூவா (சராசரித் தரம்) எஸ்கியூவா (உயர்ந்த தரம்) என்று பேசி, போனிலேயே விலை முடித்துவிடுவார்கள். காகிதம் பிறகுதான் வரும். அதனால் வாயில் சொன்னதும் நோட்டில் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் இடம் கணக்கன் மேஜை.

முன்பு ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்து, ஈரச் சரக்கு நிறைய வந்து இறங்கியது. காய வைக்க இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. காய்ந்த மூட்டைகளுக்கு நடுவே ஈர மூட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். சாம்பிள் எடுக்கும் இரும்புக் குழலைக் காய்ந்த மூட்டையில் மட்டும் குத்த வேண்டும், அந்த ஈர அளவை மொத்த சரக்குக்கும் நான் எழுத வேண்டும். இதுதான் ஏற்பாடு. மேனேஜர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சயா, எல்லாரும் செய்யறதுதானே." (சயா என்றால் இங்கே வாத்தியார், ஐயா என்கிற மாதிரி.) மீட்டரில் வந்ததை நான் எழுதுகிறேன், வேறு எண் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

அப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டீக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த வருஷம் சம்பளம் ஏறவில்லை. நானே வேறு இடம் பார்த்துக்கொண்டேன். இதில் வீரம் எதுவும் கிடையாது. வீட்டில் என் மனைவி தையல் தைத்துக் கொண்டுவந்த பணம் இருந்தது, அரிசிக்குக் கவலை இல்லை. அரிசிக்கே வழியில்லாதவனிடம் போய் நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆனால் அங்கே ஒன்றைப் பார்த்தேன். மூட்டைகளை அடுக்கிய ஃபோர்மேன் அந்த சீசன் முழுக்க நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. எந்த லாரியில் எது போனது, யாரிடம் என்ன சொன்னோம், எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்திருக்க வேண்டும், நோட்டில் எழுத முடியாதே. போன் அடித்தால் முதலில் யார் என்று பார்ப்பார், பிறகு முகத்தைச் சரிசெய்துகொள்வார், அப்புறம்தான் எடுப்பார். குரல் மட்டும் கேட்கும் போனுக்கு எதற்கு முகத்தைச் சரிசெய்ய வேண்டும்?

இப்போது காலையில் போனைத் திறந்தால் 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்' என்று பூப்படத்தோடு யாராவது அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. 2017 ஆகஸ்ட் நினைவுக்கு வரும். அந்த மாதம் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. நிதியாண்டு ஒன்றுக்குத் துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன். அவ்வளவுதான், மண்டியில் விலை சரிந்துவிட்டது. நல்லவன் சரக்கு, கெட்டவன் சரக்கு என்று பார்த்தா விலை இறங்கும்? கோடவுன் நிறைய உளுந்து வைத்துக்கொண்டு நல்லதை நினைத்தவர்களும் அடி வாங்கினார்கள்.

எங்களோடு வியாபாரம் செய்யும் பர்மியத் தரகர் ஒருவர், வயதானவர், மண்டியில் எல்லாருக்கும் அவர் 'அமா'தான், அதாவது அக்கா. விலை சரிந்ததும் பாக்கி கேட்டு வந்த கூட்டத்தை அவர் எதிர்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு, விற்காத சரக்கு இவ்வளவு என்று நோட்டைத் திறந்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டார். சத்தம் போட்டவர்கள் போட்டார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் லபெதொவும் (ஊறவைத்த தேயிலையில் செய்யும் பர்மியப் பண்டம்) டீயும் சொல்லிவிட்டு, தன் பேரன் பள்ளிக்கூடத்தில் அடித்த கூத்தைச் சொல்லி அவரே சிரிக்க ஆரம்பித்தார். விலை ஏறும் என்ற நம்பிக்கை அவருக்கு எள்ளளவும் இல்லை. நஷ்டம் நஷ்டம்தான். இருந்தாலும் சிரிக்க முடிந்தது, தவணை கேட்கவும் வாய் வந்தது, பெரும்பாலானவர்கள் கொடுக்கவும் செய்தார்கள். அந்த ஃபோர்மேனுக்கு இதே நிலைமை வந்திருந்தால் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்.

சரி, நேர்மையாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு பெரிய கணக்கர் இருந்தார். தமிழர், பழைய காலத்து ஆள். ஒரு கியாட் பிசகாது. அவர் நோட்டை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவன் தப்புக்கும் அவரே தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார். கூட்டலில் ஒரு பையன் தவறினால் மாதக் கடைசி வரை அதைச் சொல்லிக் காட்டுவார். என்ன ஆனது? பையன்கள் அவரிடம் தப்பை மறைக்கப் பழகினார்கள். எடையில் இரண்டு வீசை (இங்கத்திய நிறுத்தல் அளவு) வித்தியாசத்தை அன்றைக்கே சொல்லாமல் அடுத்த லாரியில் சரிக்கட்டுவார்கள், அது இருபது வீசையாகி நிற்கும். இப்படி அந்த உத்தமரைச் சுற்றியே பொய் வளர்ந்தது. கடைசி வரை இது அவருக்குத் தெரியாது, தன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் அயோக்கியர்கள் என்று நினைத்தபடியே ஓய்வு பெற்றார்.

இப்போதைய முதலாளி அந்த அளவுக்குக் கறார் கிடையாது. தப்பு என்று போய் நின்றால், "சரி உக்காரு, எங்க விட்டுப்போச்சுன்னு பார்ப்போம்" என்பார். கத்துவதும் உண்டு, ஆனால் அன்றோடு சரி. இங்கே தப்புகள் சாயங்காலத்துக்குள் மேஜைக்கு வந்துவிடுகின்றன. நல்ல மனநிலை என்று சொல்கிறார்களே, அதன் பலனை நான் கண்டது இங்கேதான். அவர் லேசாக இருப்பதால் மற்றவர்களால் நேர்மையாக இருக்க முடிகிறது.

மனசாட்சி உறுத்தவில்லை என்பதையும் நான் அப்படியே நம்புவதில்லை. உறுத்தாமல் இருக்க எத்தனையோ வழி இருக்கிறது. இந்த நாட்டில் கொடுக்கும் கை பெரிய கை. 2014 முதல் 2017 வரை உலகக் கொடைப் பட்டியலில் மியான்மருக்குத்தான் முதலிடம், 2014-இல் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து. தெருமுனையில் வழிப்போக்கனுக்காகத் தண்ணீர்ப் பானை வைக்கிறவர்களில் பலர் கூலிக்காரர்கள். அதே ஊரில்தான் தராசில் கை வைத்துச் சம்பாதித்ததில் கொஞ்சத்தை எடுத்துப் புத்தர் கோயில் கோபுரத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் மட்டும் என்ன, முருகனுக்குக் காவடி எடுத்துவிட்டு வந்து மறுநாள் காலையில் இரண்டாவது கணக்கு நோட்டைத் திறப்பவரை எனக்கே தெரியும். அவர் முகத்தில் தேஜஸுக்குக் குறைவே இல்லை. அதனால் என் மனது என்ன சொல்கிறது என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. நோட்டை அமா மாதிரி ஒருவர் முன்னால் விரித்து வைக்க முடியுமா என்று பார்ப்பேன்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்தது, மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. 45, 90 என்று விசித்திரமாகப் புது நோட்டுகள் வந்தன. அப்பாவின் பெட்டியில் இருந்தது அத்தனையும் வெறும் காகிதம். "உனக்குத் தர வைத்திருந்த பணமும் அதில்தான் போச்சு" என்று அப்பாவிடம் கடன் வாங்கியிருந்தவர்கள் கைவிரிக்க நல்ல சாக்கு. சிலர் விரித்தார்கள். சிலர் பணத்துக்குப் பதிலாக அரிசியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கடையைத் திரும்பத் திறந்தது அந்த அரிசியை வைத்துத்தான் என்று சொல்வார். கைவிரித்தவர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருந்துச்சுல்ல" என்பதோடு முடித்துக்கொள்வார்.

போன சீசனில் ஒரு பையனை எனக்கு உதவிக்குச் சேர்த்தார்கள். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத வராது, கணக்கை பர்மிய மொழியில் எழுதுகிறான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்றைய கணக்கை அன்றே எழுது, பென்சில் வேண்டாம், மீட்டரில் வராத எண்ணை யாராவது எழுதச் சொன்னால் அவரையே எழுதச் சொல் என்றேன். "இப்படி இருந்தா சம்பளம் ஏறுமா சயா?" என்று கேட்டான். எனக்கு ஏறியதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவன் அக்கா மலேசியாவில் வேலை செய்கிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். போவான் என்றுதான் நினைக்கிறேன். போனால் மாசிக்குள் இன்னொரு ஆளுக்கு ஈர மீட்டர் பார்க்கச் சொல்லித்தர வேண்டும், முதலாளியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.