வெளிச்சுவரும் தீயும்: வீடு கட்டத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

சொந்த வீட்டைத் தாமே முன்னின்று கட்டுகிறவர்கள் வெளிச்சுவர் என்றதும் மழை, வெயில், நிறம், செலவு ஆகியவற்றைத்தான் யோசிக்கிறார்கள். தீ என்றால் சமையலறையும் மின்கம்பியுமே நினைவுக்கு வருகின்றன. கட்டட விதிகளோ வெளிச்சுவரிடம் வேறொன்றை எதிர்பார்க்கின்றன. நம் வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. அடுத்த வீட்டில் பிடித்த தீ நம்மிடம் வரக் கூடாது. ஆகவே எந்தப் பொருள் வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், மனையின் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு சுவரும் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறது என்று அளந்து குறித்துக்கொள்வதே முதல் வேலை என்பேன்.

பல நாட்டு விதிகளும் அந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. இங்கிலாந்தில் 1 மீட்டர்தான் பிரிகோடு. சுவர் அதற்குள் வந்துவிட்டால் நிபந்தனைகள் இறுகிவிடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரி விதித்தொகுப்பில், தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான் இல்லாத வீட்டுக்கு அந்த எல்லை 5 அடி. அதைவிட நெருங்கிய சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். ஜப்பானில் அடுத்த மனையின் எல்லையிலிருந்து தரைத்தளத்தில் 3 மீட்டருக்குள்ளும், மேல்தளங்களில் 5 மீட்டருக்குள்ளும் இருக்கும் பகுதிகளைத் தீ பரவக்கூடிய பகுதி என்று சட்டமே வகுத்திருக்கிறது. காரணம் வெப்பக் கதிர்வீச்சு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 12.5 கிலோவாட் வெப்பம் தொடர்ந்து விழுந்தால், பக்கத்தில் ஒரு பொறி இருந்தாலே போதும், மரம் பற்றிக்கொள்ளும். அந்த வெப்பம் பெரும்பாலும் ஜன்னல் வழியாகவே வெளியேறுகிறது என்பதால், எல்லையை ஒட்டிய சுவரில் ஜன்னலுக்கும் கட்டுப்பாடு உண்டு. மேற்சொன்ன அமெரிக்க விதி 3 அடிக்குள் ஜன்னலையே அனுமதிப்பதில்லை. காற்றோட்டத்துக்காகப் பக்கச்சுவரில் பெரிய ஜன்னல் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்ததாக, பலரும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்ளும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சுவரின் பொருள் எரியுமா என்பது ஒன்று. சுவர் எத்தனை நிமிடம் தீயைத் தடுத்து நிற்கும் என்பது மற்றொன்று. இரும்புத் தகடு எரியாது; ஆனால் ஒரு பக்கம் சூடேறினால் சற்று நேரத்தில் மறுபக்கமும் பழுத்துவிடும், அங்கே சாய்த்து வைத்த பலகை பற்றிக்கொள்ளும். கனமான மரமோ எரியும். ஆனால் வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் காப்பாக நிற்பதால், நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அது கரைகிறது. ஐரோப்பிய முறையில் எரியாத ஏ1 முதல் எஃப் வரையுள்ள வகுப்புகள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கின்றன. கூடவே வரும் எஸ் புகையின் அளவையும், டி எரிந்து சொட்டும் துளிகளையும் குறிக்கின்றன. 30 நிமிடம், 60 நிமிடம் என்ற எண்கள் இரண்டாவது கேள்விக்கானவை. விற்பவர் ஒரு சான்றிதழைக் காட்டினால், அது இவற்றில் எதற்கு விடை என்று பார்க்காமல் தலையாட்டிவிடக் கூடாது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டியது கிளாடிங்குக்கு, அதாவது சுவரின் வெளிப்புறத்தில் போர்த்தும் பலகைக்கோ தகட்டுக்கோ, பின்னால் இருக்கும் காற்று இடைவெளி. ஈரம் காய்வதற்காக விடப்படும் அந்தச் சந்து, தீப்பிடித்தால் புகைபோக்கியாக மாறிவிடும். அதற்குள் சுடர், திறந்தவெளியில் எழும்புவதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை நீளக்கூடும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் டவரில் 72 உயிர்கள் பலியான தீ, எளிதில் எரியும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் நடுப்படலம் கொண்ட அலுமினியக் கிளாடிங் வழியே பரவியது. அதன்பின் எரியும் வெளிச்சுவர்ப் பொருள்களுக்கு இங்கிலாந்தில் 2018-இல் வந்த தடை, 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான குடியிருப்புகளுக்கானது. இரண்டு மாடி வீடு அதில் அகப்படாது. ஆனால் தீயின் குணம் உயரத்தைப் பார்த்து மாறுவதில்லையே. அதனால்தான் சிறிய வீடுகளிலும் ஜன்னல், கதவுகளைச் சுற்றியும் கூரை விளிம்பிலும் இடைவெளியை அடைக்கச் சொல்கிறார்கள். அடைப்பது பெரிய வித்தையும் இல்லை: குறைந்தது 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரச்சட்டமோ, இறுக்கமாகத் திணித்த ராக்வுல் என்ற எரியாத பாறைப்பஞ்சோ இங்கிலாந்து விதிக்குப் போதுமானது. பின்னால் குழாயோ ஒயரோ கொண்டுபோக யாராவது அதைத் துளைத்து, அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து. பலகை மூடுவதற்கு முன், அளவு நாடாவை அருகில் பிடித்து ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியபின் யாராலும் சரிபார்க்க முடியாது.

காட்டுத்தீப் பகுதிகளில் பறந்து வரும் கங்குதான் முதல் எதிரி. அதற்காகவே ஆஸ்திரேலியத் தரநிலை, சுவரின் திறப்புகளில் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலையைக் கேட்கிறது.

பாதி வேலையில் பொருளை மாற்றுவதுதான் தாமே கட்டுகிறவர்களை அதிகம் சிக்கவைக்கிறது. தீச்சோதனை என்பது பலகை, வெப்பத்தடுப்பு, ஆணி, இடைவெளி எல்லாம் சேர்ந்த முழுச் சுவருக்கே செய்யப்படுகிறது. ராக்வுல்லுக்குப் பதில் தெர்மாகோல் வைத்தால் அந்தச் சான்று அந்தச் சுவருக்குப் பொருந்தாது. “இதுவும் அதே தரம்தான்” என்று கடைக்காரர் சொன்னால், அந்த மாற்றத்தை உள்ளூர்க் கட்டட அனுமதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.